முன்வரிசையில் கழற்றிய குழாய்

2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு விழித்தேன். ஜெபம், காபி. ஐந்து நாற்பதுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தே முக்காலுக்குத் துணி ஊறப்போட்டேன். ஆறேகாலுக்கு மேற்கேயிருந்து மேல்காற்று தொடங்கியது. ஏழரைக்கு இட்லி, மிளகாய்ப்பொடி. கணவருக்கு ஐந்து, எனக்கு மூன்று. எட்டு நாற்பதுக்குக் கல்லூரி நூலகம். புதிதாக வந்த புத்தகங்களில் இருபத்திரண்டுக்கு எண் எழுதி ஒட்டினேன். விடுமுறை முடியாததால் வாசிப்பறையில் யாருமில்லை. திறந்த சன்னல்கள் வழியாகக் காற்று வந்து, மேசைமேல் கிடந்த செய்தித்தாளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நாலே முக்காலுக்கு வீடு திரும்பினேன்.

இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் நான் எழுதி வைப்பவள் என்பதுதான். பத்தொன்பதாம் வயதில் தொடங்கிய பழக்கம். ஆண்டுக்கு ஒரு நோட்டு. அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக நிற்கின்றன. என் கணவருக்கு இது ஓயாத வேடிக்கை. "ஏளா, இன்னைக்கு வேப்ப மரத்துல எத்தன காக்கா இருந்துச்சுன்னு எழுதியாச்சா?" என்று கேட்பார். ஒரு நாள் உண்மையிலேயே எண்ணி எழுதினேன். ஏழு.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில் ஒரு பழைய வளாகம். மிஷன் காலத்தில் கட்டியது. முன்வரிசையில் ஏழு வீடுகள். ஆசிரியர்களும் எழுத்தர்களும் தலைமுறையாகக் குடியிருப்பவை. நடுவில் முற்றம். அதற்கு அப்பால் பின்வரிசை, ஆறு சிறிய வீடுகள். அந்தக் காலத்தில் சமையல்காரரும் வண்டிக்காரரும் தோட்டக்காரரும் இருந்த வீடுகள். இப்போது அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் மருத்துவமனையில் கட்டுப் போடுகிறார், ஒருவர் பேருந்து நடத்துநர். ஆனாலும் 'பின்வரிசை' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

இந்த வளாகத்தில் எதையும் தூர எறிய மாட்டோம். முன்வரிசையில் ஒரு திரைச்சீலை நிறம் மங்கினால், நாற்காலியின் ஒரு கால் ஆடினால், "பின்னால குடுத்துருவோம்" என்போம். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் ஜனவரியில் பின்னால் போகும். பிள்ளைகளுக்குக் குட்டையாகிப்போன சட்டைகள் போகும். கொடுத்தோம் என்ற நிறைவு எங்களுக்கு. அடுத்த வாரம் எங்கள் திரைச்சீலை அவர்கள் சன்னலில் காற்றில் ஆடுவதைப் பார்க்கும்போது, ஒரு நிமிடம் நம் வீட்டையே தூரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும். அது எனக்கு எப்போதும் பிடித்த காட்சி.

பின்வரிசையின் மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறாள். அவள் பிறந்ததும் அந்த வீட்டில்தான். கணவன் திருப்பூரில் வேலை. மாதம் ஒரு முறை வருவான். அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மார்ச் மாதத்தில் அந்தக் குழந்தை சாப்பிட மறுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதியமெல்லாம் தையல் இயந்திரத்தின் கீழே படுத்துக் கிடந்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஞாயிறு பள்ளிப் பாட்டுகளில் பாதி வரிகள் அதற்கு மறந்துபோயின. முதலில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் காரீயம், அதாவது ஈயம், இருக்கிறது என்றார் மருத்துவர். வீட்டில் பழைய பெயின்ட் உதிர்கிறதா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுச் சுவரில் இருப்பது சுண்ணாம்பு. மிச்சம் இருந்தது தண்ணீர்.

அவள் முக்கூடல்காரர் ஒருவரைக் கூட்டி வந்தாள். குழாய் வேலை செய்பவர். அவர் அவள் வீட்டுச் சுவரடியில் ஒரு முழம் தோண்டினார். நானும் போய் நின்றேன். மண்ணுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் லேசாக வளைந்து கிடந்தது. அவர் வீட்டுச் சாவியால் அதன்மேல் ஒரு கீறு கீறினார். கீறிய இடம் வெள்ளி போல மின்னியது. அவ்வளவு அழகான வெளிச்சத்தை அந்தக் குழிக்குள் நான் எதிர்பார்க்கவில்லை.

"இது காரீயம்லா. நான் இத்தன வருசத்துல ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். தங்கச்சி, இந்தத் தண்ணிய பிள்ளைக்குக் குடுக்காதீய."

"இது எம்புட்டுத் தூரம் போவுது?" என்று அவள் கேட்டாள்.

"தோண்டுனாத்தான் தெரியும். தொட்டியில இருந்து வரிச முழுக்க இதுவாத்தான் இருக்கும்னு தோணுது. எழுவது எம்பது அடி இருக்கும்."

அந்த எழுபது, எண்பது அடியை நான் பல நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன். பொதிகையில் பாறை இடுக்கில் கசிந்து, பாபநாசத்தில் விழுந்து, அம்பாசமுத்திரத்து வயல்களையும் முக்கூடல் வாழைகளையும் தொட்டுக்கொண்டு, மணலில் இறக்கிய உறைகிணற்றில் வடிகட்டி, மேடு ஏறி எங்கள் தொட்டிக்கு வருகிற தண்ணீர். நூலகத்தில் எண் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அது என் காதுக்குள் ஓடும். மலையிலிருந்து எத்தனையோ கல் தூரம் ஒன்றும் ஆகாமல் வந்த தண்ணீர், எங்கள் முற்றத்தைக் கடப்பதற்குள் கெட்டுப்போகிறது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே தொட்டித் தண்ணீர்தான். ஆனால் அது வேறு குழாய்.

வரிசை முழுவதும் குழாயை மாற்ற வேண்டும் என்று அவள் வளாகத்தின் நிர்வாகக் குழுவுக்கு மனு எழுதினாள். எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் கொண்டு வந்தாள். பிழை ஒன்றும் இல்லை. மனுவைக் கொடுக்கும்போது துணைக்குப் போனேன். செயலாளரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். நகைக்கடை நடத்தி ஓய்ந்தவர், கெட்டவர் அல்ல. போன கிறிஸ்துமஸுக்கு முற்றம் முழுவதும் சிவப்பு பேவர் பிளாக் பதித்தது அவருடைய ஏற்பாடு. அந்த முற்றத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் பீரோவிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். "பாரும்மா, 'வளாகத்தின் பழைய ஈயக் குழாய்கள் முழுவதும் அகற்றப்பட்டன.' தெளிவா எழுதியிருக்கு. இருவத்தேழு வருசமாச்சு. ஓம் வீட்டுல கெடந்தது ஏதோ தப்பிப்போன துண்டு. அத மாத்திருவோம்."

"அகத்துனாவ, சரி அண்ணாச்சி. அகத்தி எங்கன கொண்டு போட்டாவ?"

"பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்."

"அப்ப எங்க வரிசைக்கு எந்தக் குழாயப் போட்டாவ?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "டீச்சர்," என்றார், நான் ஆசிரியை இல்லை, ஆனால் அவருக்கு எல்லாரும் டீச்சர்தான். "நீங்களே சொல்லுங்க. சந்தேகத்துக்கெல்லாம் முற்றத்தக் கெளற முடியுமா? எழுத்துல ஏதாவது இருந்தா கொண்டாரச் சொல்லுங்க. ஜூன் பதினாலாம் தேதி கூட்டத்துல வைக்கேன். இல்லன்னா அந்த ஒரு துண்டத்தான் மாத்த முடியும்."

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். "முற்றத்துக்கு வலிக்குமாம்லா அக்கா."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் எங்கள் குழாயில் பிடித்து அவள் வீட்டில் கொண்டு வைத்தேன். ஐந்து நாற்பதுக்குக் கொடுப்பேன். நோட்டிலும் எழுதினேன். மே மாதக் கடைசியில் குழந்தையின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. எனக்கு மனது நிறைந்திருந்தது. அப்போதுதான் ஒரு நாள் அவள் குடத்தை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஏக்கா, கோவிச்சுக்கிடாதீய. நீங்க கொண்டு வார தண்ணிய வேண்டாங்கல. ஆனா எத்தன நாளைக்கு நீங்க ஊத்தி நாங்க குடிக்கது? ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா எம்புள்ள பழைய தண்ணிக்குப் போவணும். மத்த அஞ்சு வீட்டுலயும் பிள்ளைய இருக்கு. தர்மமாத் தந்தா, நெனச்சப்ப நிறுத்திரலாம்லா?"

நான் குடத்தை வைத்த இடுப்புப் பக்கம் சேலை நனைந்திருந்தது. திரும்பி நடக்கும்போது அந்த ஈரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 13 மாலைக்கு வருகிறேன். ஐந்து இருபதுக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொல்லையில் மேல்காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கே வெயிலுக்குள்ளேயே ஒரு குளிர்ச்சி வரும். அந்த மாதிரியான சாயங்காலம்.

"அக்கா, நீங்க எல்லாத்தயும் எழுதுவியளே. அந்த வருசத்து நோட்டு இருக்கா?"

எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்று வரை தெரியவில்லை. அல்லது தோன்றியும் நான் அந்த அலமாரிப் பக்கம் போகாமல் இருந்தேனோ.

"இருக்கும்," என்றேன். "பார்த்துச் சொல்லுதேன்."

"நாளைக்குப் பத்தரைக்குக் கூட்டம்," என்றாள். "இல்லன்னாலும் சொல்லிருங்க. நான் வேற என்ன பேசன்னு யோசிக்கணும்."

அவள் போன பிறகு நாற்காலி போட்டு ஏறினேன். எட்டாவது நோட்டு. பச்சை அட்டை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, எங்கேயோ ஓடிப் போகிற அவசரத்தில் இருந்தது. பக்கங்களைப் புரட்டும்போது, என் பழைய சேலைகளையும் தோழிகளின் கல்யாணங்களையும் கடந்து போகிற ரயிலில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எந்த நிலையத்திலும் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு போனேன்.

பிப்ரவரி இருபதில் கிடைத்தது.

"பின்வரிசைக்குத் தண்ணீர் வந்துவிட்டது! இனி அவர்கள் கிணற்றில் இறைக்க வேண்டாம். அப்பாவின் யோசனை. முன்வரிசையில் கழற்றிய குழாயே பின்னால் போடப் போதுமானதாக இருந்தது. ஒரு துண்டுகூட வீணாகவில்லை. எல்லாருக்கும் பாயாசம். அப்பாவுக்கு மாலை போட்டார்கள்."

அப்போது செயலாளராக இருந்தது என் அப்பா. அந்த நாள் அப்படியே எழுந்து வந்தது. மரத்தடியில் சாம்பல் நிறக் குழாய்கள் வெயில் காய்கிற சாரைப்பாம்புகள் மாதிரி நெளிந்து கிடந்தன. பிறகு குழாய் ஒரு தடவை இருமி, காற்றைத் துப்பி, தண்ணீரைக் கொட்டியது. பெண்கள் கையை நீட்டிக்கொண்டு கத்தினார்கள். யாரோ அப்பாவின் மேல் ஒரு கை தண்ணீரை வீசினார்கள். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்ட, அவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் குதித்தார்கள். ஆறு வயதில் இவளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பாள். அப்பாவின் பேர் பொறித்த சிறிய கல் ஒன்று இன்றும் பின்வரிசைக் குழாயடியில் இருக்கிறது.

அந்தப் பக்கம் போதும். அண்ணாச்சி கேட்ட எழுத்து அதுதான். நான் நாற்காலியிலிருந்து இறங்கியிருக்கலாம். ஆனால் எதையும் முன்னிருந்து பார்ப்பது என் பழக்கம். ஒன்பது நாள் முன்னால் போனேன். பிப்ரவரி பதினொன்று.

"குழாய் வேலை பற்றிக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த பொறியாளர், ஈயக் குழாய்த் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஆகாது என்றாராம். அப்பா வந்து சொன்னார். முன்வரிசை முழுவதும் மாற்ற முடிவு. ராத்திரி உப்புமா."

இரண்டையும் எழுதியது என் கை. ஒன்பது நாள் இடைவெளியில், ஒரே பேனாவால். இரண்டுக்கும் நடுவில் ஒரு சினேகிதிக்கு வளைகாப்பு, ஒரு தலைவலி, ஒரு மழை. ஆகாது என்று கழற்றியதை, வீணாகவில்லை என்று போட்டோம். அதை எழுதிய நான் ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தேன்.

அப்பா தெரிந்து செய்தாரா? அவர் ஒரு எறும்பை மிதிக்காமல் நடப்பவர். எனக்குத் தோன்றுவது இதுதான்: 'பின்னால குடுத்துருவோம்' என்று அத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, தலையைக் கேட்காமலே கை கொடுத்துப் பழகியிருந்தது. திரைச்சீலை, நாற்காலி, நட்சத்திரம், குழாய். பிள்ளைகள் என்று அவர் கூட்டத்தில் கேட்டபோது அவர் கண்ணுக்கு முன்னால் வந்த பிள்ளைகள் முன்வரிசைப் பிள்ளைகள். என் கண்ணிலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

ஆறரைக்குக் கணவர் கடைவீதியிலிருந்து வந்தார். நாற்காலி அலமாரிப் பக்கத்திலேயே கிடப்பதைப் பார்த்தார். ஒரு பொருள் இடம் மாறிக் கிடந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கணக்கு.

"என்னளா, மேலுக்கு முடியலையா?"

நோட்டைக் கொடுத்தேன். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். வழக்கமாக என் நோட்டைக் கையில் எடுத்தால் ஒரு கேலியாவது வரும். வரவில்லை.

"இருவதாம் தேதியக் காட்டு. அது போதும். குழாய் மாறிரும்."

"பதினொண்ணாம் தேதி?"

"அது எதுக்கு? மாமா போய்ச் சேந்த பெறவு அவுகளக் கூண்டுல ஏத்தணுமா? தெரியாமச் செஞ்சாவன்னு இருக்கட்டுமே. அதுவும் நெசந்தான?"

"நெசம் இல்லியே. எழுதியிருக்கே."

"எழுதுனது நீ. நீ எழுதாம இருந்திருந்தா?"

அதற்கு நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் கொல்லைப் படியில் உட்கார்ந்தோம். வானம் மேற்கே மஞ்சளாக, அதன்மேல் ஊதாவாக, தண்ணீரில் கரைகிற சாயம் மாதிரி மாறிக்கொண்டே இருந்தது. எந்த நிமிடத்தில் எந்த நிறம் முடிந்தது என்று குறிக்க முடியவில்லை.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருபதாம் தேதியை மட்டும் காட்டினால் குழாய் மாறும். அண்ணாச்சி எழுந்து நின்று, நம் முன்னோர் அறியாமல் செய்ததை நாம் அன்போடு சரிசெய்வோம் என்று பேசுவார். கைதட்டுவார்கள். மறுபடியும் ஒரு பாயாசம். மறுபடியும் நாங்கள் கொடுத்தவர்கள், அவர்கள் வாங்கியவர்கள். கொடுப்பதை எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். இந்த வருடம் மூன்று வீடு, அடுத்த வருடம் மூன்று வீடு என்று கூடச் சொல்லலாம். பதினொன்றாம் தேதியையும் சேர்த்து வைத்தால் அது கொடுப்பது ஆகாது. ஆகாது என்று தெரிந்த பொருளை அவர்கள் வாசலில் போட்டது நாங்கள். எடுக்க வேண்டியதும் நாங்கள். தள்ளிப்போட வழியில்லை. அவள் குடத்தை வாங்கிக்கொண்டு சொன்னது இதைத்தான் என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாக விளங்கியது.

அப்பாவின் கல்லை நினைத்தேன். அவருடைய நனைந்த சட்டையை நினைத்தேன். அந்தச் சிரிப்பு பொய் இல்லை. அதுவும் அந்த நோட்டிலேயே இருக்கிறது.

"ரெண்டையும் காட்டப்போற," என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமலே.

"ம்."

"கூட்டத்துல நீயா வாசிக்கப்போற?"

எட்டு மணிக்குத் தோசை சாப்பிட்டோம். ஒன்பதரைக்கு நான் படுத்துவிட்டேன்.

2023 ஜூன் 14, புதன்கிழமை. காலையில் முதலில் செய்தது, பச்சை நோட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து பின்வரிசைக்குப் போனது. ஜெபமும் காபியும் அதற்குப் பிறகுதான். அவள் அதற்குள் எழுந்து தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பாயில் குறுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே முதலில் பதினொன்றாம் தேதியை வாசித்தேன், பிறகு இருபதாம் தேதியை. உப்புமாவையும் பாயாசத்தையும் விடவில்லை.

அவள் நூல் கோத்த ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "மொதல்ல உள்ளத இன்னொருக்க வாசிங்க."

வாசித்தேன்.

அவள் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

"அந்தப் பாயாசம் எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "சேமியா."

பிறகு ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கையை நீட்டினாள். "தாங்க. கூட்டத்துல நாந்தான் வாசிப்பேன்."

கொடுத்தேன். அவள் அதைத் திறக்காமல் கனம் பார்ப்பது போலப் பிடித்திருந்தாள். "ஏக்கா, இதுல ஒங்க கத வேற என்னெல்லாமோ கெடக்குமே. எல்லாரு கையிலயும் போவுமே."

"கெடக்கட்டும்," என்றேன்.

அவள் காலடியில் கிடந்த சீருடைத் துணியின் வெட்டுத் துண்டுகளில் இரண்டை எடுத்து, இரண்டு பக்கங்களிலும் அடையாளத்துக்கு வைத்து, நோட்டை மூடினாள். பத்தரைக்குள் இந்த ரெண்டு பாவாடையையும் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி, குனிந்து, மிதிக்கத் தொடங்கினாள்.